பன்னிரண்டாவது பொன்னாடை

எங்கள் கல்வராயன் முத்தமிழ்க் கலை மன்றத்தின் தலைவர் தமிழ்வேந்தன், பிறந்தபோது கொளஞ்சியப்பன். மணலூர்பேட்டையில் உரக்கடை வைத்திருக்கிறார். இருபத்து மூன்று ஆண்டுகளாக அவர்தான் தலைவர். நாதஸ்வரக்காரர், பட்டிமன்ற நடுவர், தாசில்தார், தாசில்தாரின் டிரைவர் என்று நானூறு பேருக்குக் குறையாமல் பொன்னாடை போர்த்தியிருப்பார். அவருக்கு மட்டும் இதுவரை ஒருவரும் போர்த்தியதில்லை. மன்றத்தின் விதி அப்படி: பொன்னாடையைத் தலைவர்தான் போர்த்த வேண்டும். விதியை எழுதியவரும் அவரே. எழுதும்போது அதன் மறுபக்கம் அவருக்குத் தோன்றவில்லை.

உரக்கடையில் சாமி காலண்டருக்கும் பூச்சிமருந்து விளம்பரத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சட்டம் காலியாகத் தொங்குகிறது. பொன்னாடையோடு அவர் நிற்கும் படத்துக்கான இடம் அது. மாட்டி ஒன்பது வருடம் ஆகிறது.

"ஊருக்கெல்லாம் போத்துறீங்க, ஒங்களுக்கு ஒருத்தனும் போத்தலியே. பாடையில போனாத்தான் போத்துவாங்க போலக்கீது" என்று அவர் மனைவி தைலம்மாள் ஒருநாள் கடையில் ஆட்கள் இருக்கும்போதே சொல்லிவிட்டார்.

அதன் பிறகுதான் ஸ்பெயின் வந்தது. அந்த நாட்டு இசைக்குழு ஒன்று, புதுச்சேரியிலிருந்து பெங்களூரு போகிற வழியில் ஒரு பிற்பகல் எங்களுக்காக வாசிக்கச் சம்மதித்தது. கள்ளக்குறிச்சியில் நல்ல மண்டபம் இருந்தும் தலைவர் மலைமேல் இருக்கும் கரியாலூரைத் தேர்ந்தெடுத்தார். மேலே நடந்தால் அழைப்பிதழில் 'மலைச்சிகரத்தில் மாபெரும்' என்று போடலாம்.

செயலாளன் என்ற முறையில் பொன்னாடைப் பை என் பொறுப்பு. பதினொன்று பச்சை, எல்லாம் ஒரே தினுசு. அடியில் தனியாக ஒரு மஞ்சள் பைக்குள் பன்னிரண்டாவது: அரக்கு நிறம், நாலு விரல் ஜரிகை. நிகழ்ச்சி முடிந்ததும் குழுவின் நடத்துநர் அதைத் தலைவருக்குப் போர்த்துவதாகத் திட்டம்.

"அப்போ விதி இன்னாங்க ஆவுது?" என்று கேட்டேன்.

"அது உள்ளூர்க்காரனுக்கு, காசி. வெளிநாட்டான் ஆசப்பட்டு வந்தா வாணாம்னு தள்ள முடியுமா?"

தான் ஆசைப்பட வேண்டும் என்பதை அந்த வெளிநாட்டானுக்குச் சொல்ல வேண்டிய மொழிபெயர்ப்பாளர், மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுத்து வேனிலேயே படுத்துவிட்டார்.

தொகுத்து வழங்கியவர் துணைத்தலைவர் கோகிலவாணி டீச்சர். 'ஃபிளமெங்கோ' என்றால் என்ன என்று கைப்பேசியில் தேடியவர் ஓரெழுத்து தவறி ஒரு பறவையிடம் போய்ச் சேர்ந்திருந்தார். "நிறைவாக, ஸ்பெயின் நாட்டுப் பூநாரை நடனம்!" என்று தொடக்கத்திலேயே நிகழ்ச்சி நிரலை வாசித்து முடித்தார்.

மரவள்ளிக் காட்டில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இருசம்மாள், "பட்சி எங்க கீது? கூண்டக் காணமே" என்றார்.

"இவர் குழுவின் நடத்துநர்" என்று டீச்சர், கையில் சிறு குச்சியோடு நின்ற வழுக்கைத் தலையரைக் காட்டினார்.

"கண்டக்டருக்கு இன்னாத்துக்குக் குச்சி? விசில் இல்லியா?"

இருபத்திரண்டு பேர் வாசிக்க ஆரம்பித்தார்கள். ஆறு நிமிடம் மழை கொட்டியதுபோல வாசித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்கள்.

அந்த ஊர் இசையில் ஒரு உருப்படிக்குள் மூன்று நான்கு பகுதிகள் உண்டாம். பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே சற்று மௌனமாம். அந்த மௌனத்தில் இருமக்கூடத் தயங்க வேண்டுமாம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. எங்கள் பக்கம் மேடையில் சத்தம் நின்றால் அதற்கு ஒரே பொருள்தான். தலைவர் மேடையேறினார். நான் பையோடு பின்னால் ஏறினேன். நடத்துநருக்கு ஒன்று, முதல் வயலின்காரருக்கு ஒன்று. கைதட்டல். இறங்கினோம்.

உட்காருவதற்குள் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

"பொன்னாட போத்துனதுல சந்தோசம் தாங்கல, அதான் இன்னொண்ணு வாசிக்கிறாங்க" என்றார் தலைவர்.

மறுபடி நிறுத்தினார்கள். மறுபடி ஏறினோம். நடத்துநருக்கு நாங்கள் வருவது மெல்லப் புரிந்தது, எதற்கு வருகிறோம் என்பது புரியவில்லை. மூன்றாம் இடைவெளியில் 'இன்னும் முடியவில்லை' என்று காட்டக் குச்சியை இறக்காமல் கையை உயரத் தூக்கியே நின்றார். ஆசி வழங்குகிறார் என்று நினைத்துத் தலைவர் குனிந்து வணங்கிவிட்டுப் பக்கத்தில் இருந்த இருவருக்குப் போர்த்தினார்.

முதல் உருப்படி முடிந்து இரண்டாவதும் பாதி ஆயிற்று. ஆறாவது இடைவெளியில் என் பையில் மிஞ்சியது ஒரே ஒரு பச்சை. அதைப் போர்த்திவிட்டுத் தலைவர் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார்.

"எடு காசி, எடு, எடு. அந்தப் பெரிய ஆளு பாத்துக்கினே கீறான்."

ஆள் உயர வயலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தாடியோடு நின்றிருந்தவர், தனக்கு இல்லையோ என்று பள்ளிக்கூடத்துச் சத்துணவு வரிசையில் கடைசியாக நிற்கும் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பைக்குள் கைவிட்டேன். கிடைத்ததைக் கொடுத்தேன். தலைவர் விரித்தார், போர்த்தினார், கும்பிட்டார். அதற்குப் பிறகுதான் ஜரிகையைப் பார்த்தார்.

"காசி. இது நம்முளுது."

"ஆமாங்க."

"நானே போத்திட்டனா?"

"நீங்கதாங்க."

தலைவர் இறங்கி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணெதிரே தன் அரக்கு நிறம் வேறொருவர் தோளில் கிடந்து, வில் போகிற போக்குக்கு ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடியே இருந்தார்.

அப்போது அவள் வந்தாள். கறுப்பு உடுப்பு, தலையில் சிவப்புப் பூ. குதிகாலால் பலகையை அடித்த அடியில் மைக் கம்பிகள் நடுங்கின.

"இன்னா கோவம் அந்தப் பொண்ணுக்கு? காலாண்ட பூரான் கீதா?" என்றார் இருசம்மாள். சற்றுப் பொறுத்து, "அடிச்சிட்டாப்பல கீது. இல்ல, இன்னொண்ணு கீது."

மேடைப் பலகை ஒன்று ஆணியை விட்டுக் கிளம்பியது. அவள் அந்தச் சத்தத்தையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டாள். பட்சி எங்கே என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. பிறகு நாற்காலியில் கிடந்த ஒரு பெரிய சிவப்புச் சால்வையை உருவினாள். பூ வேலை, ஓரமெல்லாம் முழ நீளக் குஞ்சம். அதைச் சுழற்றிக்கொண்டே மேடை முனைக்கு வந்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, நேர் எதிரே இருந்தவரைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.

நேர் எதிரே தலைவர்.

அவர் எழுந்தார். நான் சட்டையைப் பிடித்தேன், நழுவிவிட்டது. மேடையேறி, கைகூப்பி, தலைகுனிந்து அவள் முன்னால் நின்றார். அவள் ஒரு நொடி திகைத்தாள். ஆனாலும் மேடை கண்டவள். அவரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, குதிகாலால் ஓர் அடி அடித்து, சால்வையைச் சரேலென்று அவர் தோளில் வீசி முடித்தாள். கூட்டம் விசில் அடித்தது.

"எடுத்தியா?" இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி. போட்டோக்காரர் இளவரசன் தலையைச் சொறிந்தார்.

"எடுத்தங்க. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கினீங்க. முதுகுதாங்க கீது."

"செரி, பேனருக்கு முன்னால நிக்கிறன், எடு."

"பேட்டரி மாத்திக்கினு வரன்" என்று போன இளவரசனைப் பஜ்ஜிக் கடை இழுத்துக்கொண்டது. அதற்குள் மேடைக்குப் பின்னாலிருந்து நடனக்காரி ஓடி வந்தாள். "மந்தோன்! மந்தோன்!"

"மாண்டோன்னா சொல்றா?" என்று தலைவர் முகம் வெளுத்தார். "செத்தவன்னு அர்த்தமாச்சே."

"மன்றோன்! மன்றத்தை உடையவர்!" என்றார் டீச்சர். "பட்டம் தராங்கய்யா ஒங்களுக்கு."

வெளுத்த முகம் மலர்ந்தது. மன்றோன் மறுபடி கைகூப்பினார். அவள் குஞ்சத்தைப் பிடித்து இழுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே இறுக்கிப் பிடித்தார். அவள் இன்னும் பலமாக இழுத்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது. பொருள் அவருக்கு அப்போதுதான் எட்டியது: மந்தோன் என்றால் அந்தச் சால்வைதான்; அது அவளுடைய தொழில் சாமான்.

ஆனால் சால்வையைச் சும்மா திருப்பித் தரும் பழக்கம் அவர் கைக்கு இல்லை. மைக்கை வாங்கினார். சால்வையை மடித்தார், விரித்தார். "கடல் கடந்து வந்த கலைச்செல்விக்கு, மன்றத்தின் சார்பில்" என்று சொல்லி அவளுக்கே போர்த்தினார். அவள் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

இதை மொத்தக் குழுவும் பார்த்துக்கொண்டிருந்தது. நடத்துநர் தலையை ஆட்டியபடி மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். அவர் சொன்னதை, வேனிலிருந்து எழுந்து வந்த மொழிபெயர்ப்பாளர் பிற்பாடு எனக்குச் சொன்னார்: "இங்கே நிகழ்ச்சி முடிந்ததும் துணியைத் திருப்பித் தந்துவிடுவார்கள் போலிருக்கிறது."

வரிசையாக வந்தார்கள். தலைவர் எப்படிப் போர்த்தினாரோ அப்படியே, விரித்து, தோளில் போட்டு, கும்பிட்டு. நடத்துநர் முதலில். அடுத்து வயலின். ஒன்று, இரண்டு, ஐந்து. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த தலைவர் தோளைக் காட்டினார். எட்டாவதில் கண் கலங்கியது. பதினொன்றில் கழுத்து மறைந்தது.

"இளவரசா! டேய்! வாடா!" என்று நான் கத்தினேன்.

ஒரு கையில் பஜ்ஜியோடு இளவரசன் ஓடி வந்து சேர்வதற்கும், தாடிக்காரர் அந்த அரக்கு நிறத்தைத் தலைவரின் தலையோடு சேர்த்துப் போர்த்துவதற்கும் சரியாக இருந்தது.

"எடுத்தியா?" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சூப்பரா வந்துச்சிங்க!"

படம் இப்போது கடைச் சட்டத்தில் இருக்கிறது. பன்னிரண்டு பொன்னாடை, அடியில் ஒரு ஜோடி செருப்பு. தைலம்மாள் வந்து நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல நீங்க எங்க கீறீங்க?" என்றார்.

தலைவர் செருப்பைக் காட்டினார்.

யூரியா வாங்க வந்தவர் ஒருவரும் அண்ணாந்து பார்த்தார். "இன்னா தலைவரே, ஜவுளிக்கட வேற தொறக்கிறீங்களா?"