ரப்பர் பேண்ட் போட்ட பாட்டில்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், வாசகரே. இந்தக் கதை எங்கள் வீட்டு வாஷ்பேசினுக்கு மேலே இருக்கும் அலமாரியில் பிறந்தது. கதை பிறக்க வேறு நல்ல இடமே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். எனக்கு வாய்த்தது அலமாரிதான்.

அதில் என் பங்கு ஒரு ரேசர். மற்றதெல்லாம் என் மனைவியின் ராஜ்யம். லென்ஸ்கள் ஊறும் டப்பா, லென்ஸைக் கண்ணிலிருந்து உறிஞ்சி எடுக்கும் சின்ன ரப்பர் குச்சி, கண் வறளாமல் இருக்கச் சொட்டு மருந்துக் குப்பிகள், இமை துடைக்கும் ஈரத்துணிகள், ஒரே உயரத்தில் ஒரே வெள்ளையில் இரண்டு பாட்டில்கள். அவளுக்குக் கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வரும் கோளாறு. சாதாரணக் கண்ணாடி அவளுக்கு உதவாது. கெட்டியான, அகலமான லென்ஸில் உப்புநீரை நிரப்பி, குனிந்து, சிந்தாமல் கண்ணில் பொருத்த வேண்டும்.*

* குனிவதில்தான் சூட்சுமம். நிமிர்ந்தால் நீர் கொட்டிவிடும், உள்ளே காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து. தரையைப் பார்த்துத்தான் அவள் உலகத்தைப் பார்க்கத் தொடங்குகிறாள். (இந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.)

2.

தொடக்கம், முதல் முயற்சி: "அவளுக்கு நிலா எப்போதும் நான்காகத் தெரிந்தது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையா என்று அவளிடமே கேட்டேன்.

"லென்ஸ் இல்லாம நிலா எத்தனை தெரியும் உனக்கு?"

"எண்ணினதில்ல. ஒண்ணு, அதுக்குக் கீழ வால் மாதிரி இழுத்துக்கிட்டு இன்னும் கொஞ்சம். ஏன், கதையா?"

"சும்மா கேட்டேன்."

"நீங்க சும்மா எதையும் கேட்டதே இல்ல."

இரண்டாம் முயற்சி: "அன்று காலை அவள் அலமாரிக்குக் கையை நீட்டியபோது, அவள் கணவன்

இங்கே நிறுத்திவிட்டேன். இந்தக் கதைக்குக் கணவன் அவசியம்தானா என்று யோசிக்க வேண்டும்.

3.

அவள் ஒரு தையல் கூடத்தில் கட்டிங் மாஸ்டர். நாற்பது அடுக்குத் துணியை மேஜையில் விரித்து, சாக்குக்கட்டிக் கோட்டின் மேல் வெட்டும் மெஷினை ஓட்டுவாள். கோடு ஒன்றாகத் தெரிவதற்கு லென்ஸ் வேண்டும். லென்ஸ் போடும்வரை அவளுக்கு விரல்தான் கண்.

அதனால் அந்த இரண்டு பாட்டில்களுக்கும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தாள். ஒன்றில் இருப்பது லென்ஸை நிரப்பும் உப்புநீர். இன்னொன்றில் இருப்பது லென்ஸை ஊறவைத்துச் சுத்தம் செய்யும் பெராக்சைடு. டப்பாவில் பல மணி நேரம் ஊறினால் அதன் வீரியம் அடங்கிவிடும். அப்படியே கண்ணில் பட்டால் எரித்துவிடும். அந்தப் பாட்டிலின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டை இரண்டு சுற்றாகப் போட்டிருந்தாள். விரலில் ரப்பர் தட்டுப்படாத பாட்டில்தான் உப்புநீர். எட்டு வருடத்தில் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

பன்னிரண்டு நாளுக்கு முன்பு, ஒரு காலையில், ரப்பர் தட்டுப்படாத பாட்டிலை எடுத்து லென்ஸை நிரப்பி, குனிந்து, வலது கண்ணில் வைத்தாள். அவள் போட்ட அலறலை நான் எழுதப்போவதில்லை. லென்ஸை எடுத்துவிட்டு, உப்புநீர் பாட்டில் முழுவதையும் கண்ணில் ஊற்றிக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது, ஆறிவிடும் என்றார் டாக்டர். ஆறிவிட்டது. நேற்றிலிருந்து லென்ஸும் போடுகிறாள்.

ஆனால் அன்று வீட்டுக்குத் திரும்பியதும் அவள் செய்த முதல் காரியம், அலமாரியைத் தடவிப் பார்த்தது.

"பேண்ட் இருக்குங்க. அப்படியேதான் இருக்கு. என் விரலுக்குத்தான் தெரியல."

நேற்று கூடத்துக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமையிலிருந்து தன்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடும்படி முதலாளியம்மாவிடம் சொன்னாள். நான் தடுத்தேன்.

"ரப்பர் பேண்டே தெரியாத கையி, மெஷினை எப்படிங்க பிடிக்கும்? பக்கத்துல துணி பிடிக்கிறவ விரல் போயிடும். வேண்டாம்."

4.

பேண்ட் எப்படித் தட்டுப்படாமல் போனது? இதற்குப் பதில் இல்லாமல் கதை நகராது. ஒரு பூனையைக் கொண்டுவந்தேன். பூனை பேண்டோடு விளையாடி அதைக் கழற்றிவிடுகிறது. பூனைமேல் பழியைப் போட்டதும் கதை கடகடவென்று ஓடியது. மூன்று பக்கம் எழுதி அவளிடம் கொடுத்தேன். என் கதைகளை எப்போதும் அவள்தான் முதலில் படிப்பாள்.

"நம்ம வீட்டுல ஏது பூனை?"

"கதையில இருக்கு."

"சரி, இருந்துட்டுப் போகட்டும். பேண்டைக் கழட்டின பூனை, திரும்ப அதை மாட்டவும் மாட்டுமா? அதுவும் ரெண்டு சுத்து?"

நான் பேனாவின் மூடியைத் திறந்து மூடினேன்.

"அப்புறம், இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. கண்ணு எரியற நேரத்துல புருஷன் எங்க? ஆளையே காணோம்."

"அந்தப் பாத்திரம் இன்னும் சரியா அமையல."

"அமைய வைங்க." பக்கங்களை என் கையில் திணித்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

(அவள் கதையைப் பற்றித்தான் கேட்டாளா? எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.)

5.

கணவன் அன்று அவள் எழுவதற்கு முன்பே எழுதிக்கொண்டிருந்தான். ஃபேன் காற்றில் பக்கங்கள் பறந்

இல்லை. 'அவன்' வேண்டாம்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கங்கள் பறந்தன. கட்டிவைக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். அலமாரியில் ஒரு ரப்பர் பேண்ட் இருந்தது. அது எதற்கு அங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அவள் எழுவதற்குள் திருப்பிப் போட்டுவிடலாம் என்று எடுத்தேன். எழுத்து சூடு பிடித்துவிட்டது, மறந்துபோனேன்.

அலறல் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. அவள் வாசலில் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, நான் பேண்டைக் கொண்டுபோய்ப் பாட்டிலில் மாட்டினேன். இரண்டு சுற்று. எடுத்ததை மறதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மாட்டியதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

6.

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் அவள் சிரித்துவிடுகிறாள். அது என் ஆசை. இன்னொன்றில் ஒரு மாதம் என்னோடு பேசுவதில்லை. மூன்றாவதில், "பேண்டை எடுத்ததுகூடப் பரவாயில்ல. என் கை போச்சுன்னு பன்னிரண்டு நாளா அழுதேனே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்று கேட்கிறாள். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. மூன்றையும் அடித்துவிட்டேன்.

வாசகரே என்று ஊருக்கே பொதுவாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். உன்னைத்தான் கூப்பிட்டேன். உனக்கு அத்துப்படியான லென்ஸையும் உப்புநீரையும் உனக்கே பக்கம் பக்கமாக விளக்கியது, ஐந்தாம் பகுதியைத் தள்ளிப்போடத்தான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நீ லென்ஸ் போட்டுக்கொண்டு வந்ததும் இதைக் கையில் கொடுப்பேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அன்று அந்தப் பாட்டிலில் பேண்ட் இல்லை. உன் விரல் சரியாகத்தான் சொன்னது.

கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். என்னை என்ன செய்யலாம் என்று நீயே எழுது. அதற்கு முன்னால் முதலாளியம்மாவுக்குப் போன் செய்து, கட்டிங் டேபிளை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடு.