துவைக்காத சட்டை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். அழுக்குக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணன் இறந்துபோய் இரண்டு மாதம் கழித்து, அவன் மெக்கானிக் கடையைக் காலி செய்த அன்று அவனுடைய நாய் என் வீட்டுக்கு வந்தது. வந்ததும் நான் செய்த முதல் காரியம், அதன் போர்வையைக் கொதிநீரில் போட்டு இரண்டு தடவை துவைத்ததுதான்.

நாயின் பெயர் முதலாளி. கடையில் இருந்த ஒரே நாற்காலியை அதுதான் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு கெஞ்சினாலும் நகராது. அண்ணன் தரையில் உட்கார்ந்து வண்டியைப் பிரித்துக்கொண்டிருப்பான்.

என் வீட்டில் முதலாளி வாசல் மிதியடியைத் தாண்டவில்லை. வழுக்கும் தரையில் ஒரு காலை வைக்கும், உடனே எடுத்துக்கொள்ளும். கூடம் வரைக்கும் சாக்கு விரித்துப் பாதை போட்டேன். பாதி தூரம் வந்தது. குக்கர் சத்தம் கேட்டு ஓடிவிட்டது. போர்வையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்று நாளாகச் சோற்றில் வாய் வைக்கவில்லை.

“வெள்ளை வெளேர்னு துவைச்சுப் போட்டிருக்கேன், அதுல படுக்க என்ன கேடு இதுக்கு?” என்று கால்நடை டாக்டரிடம் பொரிந்தேன்.

“அதுக்குத் தெரிஞ்ச வாசனை அது ஒண்ணுதாம்மா. அதையும் அலசி ஊத்திட்டீங்களே. உங்க அண்ணன் போட்ட துணி வேற இருந்தா விரிச்சுப் பாருங்க. வயசான நாய், ரொம்ப நாள் தாங்காது.”

“வேற எதுவும் இல்லீங்க” என்றேன்.

பொய். அலமாரியில் என் புடவைகளுக்கு அடியில், முடிச்சுப் போட்ட பாலித்தீன் பையில் அண்ணன் கடைசியாகக் கழற்றிய வேலைச்சட்டை இருந்தது. நான் துவைக்காமல் வைத்திருந்த ஒரே துணி. கிரீஸ், பெட்ரோல், அவன் வியர்வை. வாரத்துக்கு ஒரே ஒரு மூச்சு இழுப்பேன். தீர்ந்துவிடுமே என்று உடனே கட்டிவிடுவேன்.

“அந்தச் சட்டையக் குடுத்துடேன்” என்றார் கணவர்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாத மாதிரி இருந்தேன். அவ்வளவுதான்.”

“நாலே நாள்ல நாய் வாடைதான் அடிக்கும். அப்புறம் எனக்கு என்னங்க இருக்கு?”



மறுநாள் காலை தெருவில் அண்ணன் வண்டியைப் போலவே ஒரு வண்டி படபடத்துக்கொண்டு போனது. மிதியடியில் கிடந்த முதலாளி காதை நிமிர்த்தியது. அடுப்படியில் நானும் தலையைத் தூக்கியிருந்தேன். இரண்டு மாதமாக இதே பிழைப்புதான் எனக்கு. வண்டி போய்விட்டது. அதன் காது தொங்கியது.

பையை அவிழ்த்தேன். சட்டையில் முகம் புதைத்து, நெஞ்சு வலிக்கும் வரை மூச்சை இழுத்தேன். பிறகு கூடத்து மூலையில் விரித்தேன்.

முதலாளி எழுந்தது. சாக்கைக்கூடப் பார்க்கவில்லை. நகம் வழுக்க வழுக்க வெறுந்தரையிலேயே நடந்து வந்து, காலரில் மூக்கை நுழைத்து, சுருண்டு படுத்தது. மதியம் தட்டைக் காலி செய்தது.

ஒரு வாரத்தில் சட்டையில் நாய் வாடைதான் அடித்தது. வேலை முடிந்து வந்தவள், அண்ணன் இனி எங்கேயும் இல்லை என்று தாங்கமுடியாமல் அதன் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து அழுதேன்.

முதலாளி என்னைப் பார்த்தது. பிறகு எழுந்து, கொஞ்சம் நகர்ந்து, சட்டையில் எனக்குப் பாதி இடம் விட்டது.