கடைசிவரை பார்த்தவர்

ஊசியக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் இருபது வருஷமாக ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உட்கார்ந்து அந்த வட்டாரத்துக் கைகளையெல்லாம் குத்திக்கொண்டிருந்தால் பெயரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? தெருவில் அவளைக் கண்டால் பிள்ளைகள் கையைப் பின்னால் மறைத்துக்கொள்ளும். அவள் அசரமாட்டாள். வலிக்காது என்று யாரிடமும் பொய் சொன்னதில்லை. "வலிக்கும், ஆனா சட்டுனு முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவாள்.

நிலையத்துக்குப் புது மைக்ராஸ்கோப் வந்தபோது பழையதைக் குப்பையில் போடப் பார்த்தார்கள். ஊசியக்கா மல்லுக்கட்டி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதன் தலையில் கைப்பேசியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீர், குளத்துப் பாசி, மொட்டைமாடிக் குழாயில் கசிந்த அழுக்கு என்று அகப்பட்டதிலெல்லாம் ஒரு சொட்டு எடுத்து, அதில் நீந்துகிற, கண்ணுக்கே தெரியாத பிராணிகளைப் படம்பிடித்து, விளக்கமும் பேசி இணையத்தில் போட ஆரம்பித்தாள். சேனலுக்குப் பெயர் 'ஒரு சொட்டு'. முகம் காட்டமாட்டாள், குரல் மட்டும்தான்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் ஒலிப்பதிவு. அந்த ஒரு மணி நேரம் வீட்டில் மின்விசிறி ஓடாது, ஃபிரிட்ஜ் ஓடாது. அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். வாரம் ஆறு நாள் ஹாரன் சத்தத்தில் வாழ்கிற மனுஷர், ஏழாம் நாள் தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துத் தும்ம வேண்டும். அவர் நல்லவர். வீடியோ ஓட ஆரம்பிக்கும் முன்பே கட்டைவிரல் குறியை அழுத்திவிடுவார். "படம் தெளிவா இருக்கு" என்பார். நாற்பத்தொன்பது வீடியோவுக்கும் அதே மூணு சொல்தான்.

மற்றவர்களும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. 'அருமை' என்று எழுதினார்கள். 'சூப்பர்' என்று எழுதினார்கள். பூச்செண்டு அனுப்பினார்கள். ஒருத்தர் எல்லா வீடியோவிலும் 'நைஸ், என் சேனலையும் பாருங்க' என்று எழுதினார். போய்ப் பார்த்தால் அவர் கார் கழுவுவது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார், பாசியைப் பற்றிய வீடியோவின் கீழே 'அண்ணி, சாப்பிட்டாச்சா?' என்று கேட்டிருந்தாள். அந்தச் சேனலுக்கு அதுவரை வந்த ஒரே கேள்வி அதுதான்.

ஊசியக்காவுக்கு வயிறு எரிந்தது. பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் நாற்பதாவது விநாடியில் கழன்றுகொள்கிறார்கள் என்று சேனலின் புள்ளிவிவரமே சொன்னது. நாற்பது விநாடியில் அவள் வணக்கம் சொல்லி முடித்துத் தொண்டையைத்தான் கனைத்திருப்பாள்.

"அருமையாம், அருமை! எது அருமை, எதனால அருமை, ஒருத்தருக்காவது சொல்லத் தெரியுதா?" என்று கணவரிடம் பொரிந்து தள்ளினாள். "புரிஞ்சா சந்தேகம் வரணுமா இல்லையா? ஐம்பதாவது வீடியோதான் கெடு. அதுக்குள்ள ஒரே ஒரு ஆள் உருப்படியா ஒரு கேள்வி கேட்கணும். இல்லேன்னா கடையை மூடிட்டு நானும் கார் கழுவப் போறேன்."

"நம்மகிட்ட கார் இல்லையே" என்றார் கணவர்.

அவள் பார்த்த பார்வையில் அவர் ஃபிரிட்ஜைப் போலவே அணைந்துபோனார். அப்போது நாற்பத்தொன்பதாவது வீடியோ போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் அந்தக் கருத்து வந்தது. ஒரு பல் மருத்துவமனையின் பெயரில் வந்திருந்தது. 'உங்கள் வீடியோக்களை எங்கள் மருத்துவமனையில் தினமும் கடைசிவரை போடுகிறோம். நோயாளிகளுக்கு மிகுந்த பயன். நன்றி.'

ஊசியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும்! கடைசிவரை! அதுவும் படித்த டாக்டர்! கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு கணவர் சவரம் செய்துகொண்டிருந்த இடத்துக்கே ஓடினாள்.

"இது என் ரூட்டுலதான் இருக்கு, மூணாவது ஸ்டாப்" என்றார் அவர், பாதி முகத்தில் நுரையோடு. "போய் நான்தான் அதுன்னு சொல்லு. சந்தோஷப்படுவாங்க."

"சொல்லிட்டுப் போனா மரியாதைக்குப் புகழுவாங்க. சொல்லாம போனாத்தான் உள்ளதைச் சொல்லுவாங்க. பல்வலின்னு சொல்லிட்டுப் போறேன்."

"உனக்குத்தான் பல்வலி இல்லையே?"

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

பல் டாக்டருக்குத் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் முகத்தில் பாதி நுரை இருக்கும்போது ஒரு மனிதனால் எவ்வளவுதான் வாதாட முடியும்?

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். குரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்று கன்னத்தோடு வாயையும் சேர்த்துக் கைக்குட்டையை அழுத்திக்கொண்டாள். மேஜைக்குப் பின்னால் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி, முகக்கவசமும் தடித்த கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தாள். அந்தச் சின்ன மருத்துவமனையில் பெயர் எழுதுவதும் அவள்தான், உள்ளே டாக்டர் பக்கத்தில் நின்று நோயாளியின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும் அவள்தான்.

"எந்தப் பல்லு?" என்றாள் குழாய்க்காரம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

ஊசியக்கா அதை யோசித்து வைத்திருக்கவில்லை. "வலது பக்கம். கீழ" என்று உத்தேசமாகச் சொன்னாள்.

காத்திருக்கும் அறையில் டிவி இல்லை. மீன் படம் போட்ட நாள்காட்டிதான் இருந்தது. டிவி எங்கே, ரசிகர்கள் எங்கே என்று அவள் கழுத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நாற்காலியில் சாய்த்துப் படுக்கவைத்து, மார்பில் ஒரு காகிதத் துண்டைக் கட்டினாள் குழாய்க்காரம்மா. நிமிர்ந்து பார்த்தால், டிவி கூரையில் இருந்தது.

டாக்டர் இளைஞர். சிரித்த முகம். "பயமா இருக்காம்மா? கவலையே படாதீங்க. எங்ககிட்ட ஒரு சூப்பர் மருந்து இருக்கு. அக்கா, போடுங்க."

கூரையில் 'ஒரு சொட்டு' ஓட ஆரம்பித்தது. முப்பத்திரண்டாவது வீடியோ. ஊசியக்காவின் உச்சி குளிர்ந்தது. இப்போது சொல்லிவிடலாமா, இன்னும் கொஞ்சம் புகழ விடலாமா என்று அவள் கணக்குப் போடுவதற்குள் டாக்டரே ஆரம்பித்தார்.

"இந்தம்மா யாருன்னே தெரியாது. ஆனா என்ன குரல் தெரியுமா! ஏத்தமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. அஞ்சு நிமிஷத்துல ஆளு தூங்கிரும். நேத்து ஒருத்தர் குறட்டையே விட்டாரு. வாய் தானா திறந்துருச்சு, எனக்கும் வேலை சுலபமாப் போச்சு. எங்க, ஆ காட்டுங்க."

ஊசியக்கா ஆ காட்டினாள். அதிர்ச்சியில் அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

"என்ன சொல்றாங்கன்னு எனக்கே தெரியாதும்மா" என்றார் டாக்டர், கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பியபடி. "ஏதோ புழு பூச்சி. ஆனா கடைசிவரை போட்டாத்தான் ஒரு பல்லை முடிக்க முடியுது. அட, நீங்க சொன்ன பல்லு கல்லு மாதிரி இருக்கே! எதிர்ப்பக்கம்தான் பெரிய சொத்தை. நல்லவேளை வந்தீங்க. மரத்துப்போக ஊசி போட்டுட்டு அடைச்சிரலாம். வலிக்கவே வலிக்காது."

பொய் என்று ஊசியக்காவுக்குத் தெரியும். எழுந்து ஓடத்தான் நினைத்தாள். ஆனால் வாய்க்குள் ஒரு அந்நியரின் நாலு விரலை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? ஊரையெல்லாம் குத்திய அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஊசி இறங்கியது. மரத்துப்போகட்டும் என்று டாக்டர் அடுத்த அறையில் இருந்த நோயாளியைப் பார்க்கப் போனார். குழாய்க்காரம்மா குழாயை வாயோரம் மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஊசியக்காவும் கேட்டாள். தன் குரலை அவள் இப்படி மல்லாந்து படுத்துக்கொண்டு கேட்டதேயில்லை. உண்மைதான். மழைக்காலத்து மேகம் மாதிரி ஒரே சீராக, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது நிமிஷத்தில் அவளுக்கே கண் சொருகியது. அவமானமாக இருந்தது. ஐம்பதாவது வேண்டாம், வீட்டுக்குப் போனதும் நாற்பத்தொன்பதையும் அழித்துவிடலாம் என்று முடிவு கட்டினாள். கண்ணோரம் ஈரம் வழிந்து காதுக்குள் போனது. அழுதாள், அதுகூட ஒழுங்காக அழ முடியவில்லை.

"இதோ, இங்கதான் இந்தப் பொண்ணு சறுக்குது" என்றது ஒரு குரல்.

குழாய்க்காரம்மாதான். கூரையைப் பார்த்துப் பேசினாள். அங்கே, மணியைக் கவிழ்த்து ஒரு காம்பில் நட்டுவைத்ததுபோல் ஒரு பிராணி நின்றது. ஏதோ அதன்மேல் இடித்ததும் காம்பு சுருள்வில்லாகச் சுருங்கிக் கீழே போனது. 'இதற்கு மூளை கிடையாது. நரம்பும் கிடையாது. ஒரே ஒரு செல்தான்' என்றது வீடியோ.

"கேட்டீங்களா?" என்றாள் குழாய்க்காரம்மா. "ஒன்பதாவது வீடியோவுல இதே பிராணியைக் காட்டி, 'பயந்துபோய்ச் சுருங்கிக்கொள்கிறது'ன்னு சொல்லுச்சு. இப்ப மூளையே இல்லைங்குது. மூளை இல்லாம எப்படிம்மா பயம் வரும்? ரெண்டுல ஒண்ணு தப்புதானே?"

ஊசியக்காவின் தூக்கம் பறந்தது.

"எல்லாரும் தூங்கிருவாங்க. நான் தூங்க முடியுமா? குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமே. நாப்பத்தொன்பதையும் பார்த்தாச்சு, சிலதை இருபது தடவை. டாக்டர் தம்பியோட அப்பா காலத்துலருந்து இந்த நாற்காலி பக்கத்துல நிக்கிறேன். இதுல படுக்கறவங்கள்ல சிலருக்கு வலிச்சாத்தான் கைவிரல் மடங்கும். சிலருக்குக் கருவியைப் பார்த்ததுமே மடங்கும். நல்லா மரத்துப்போன பிறகும் மடங்கறவங்க இருக்காங்க. ஒவ்வொண்ணும் வேற வேற. இந்தப் பிராணி சுருங்குதே, அது இதுல எந்த வகை? அதுக்கு வலிக்குதா, இல்ல சும்மா சுருங்குதா? அதை மட்டும் இந்தப் பொண்ணு சொல்லவே மாட்டேங்குது."

ஊசியக்கா வாயைக் குழாயோடு அசைத்து என்னவோ சொல்லப் பார்த்தாள்.

"எச்சில் சேருதா?" என்று குழாய்க்காரம்மா குழாயை இன்னும் உள்ளே தள்ளினாள். "எனக்கு இந்த டைப் அடிக்கறதெல்லாம் வராது. இந்தச் சந்தேகத்தையெல்லாம் டாக்டர் தம்பிகிட்ட சொல்லி எழுதச் சொன்னேன். இவ்வளவு நீளமா எழுத நேரமில்லைன்னு 'மிகுந்த பயன், நன்றி'ன்னு எழுதிட்டாரு."

இதற்குமேல் பொறுக்க முடியாமல் ஊசியக்கா அவளுடைய சட்டைப் பையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, தன் மார்பில் கிடந்த காகிதத் துண்டில் கோணல்மாணலாக எழுதினாள். 'அது நான்தான்.'

குழாய்க்காரம்மா குனிந்து படித்தாள். "எது நீங்க?"

ஊசியக்கா கூரையைக் காட்டினாள். குழாய்க்காரம்மா அங்கே சுருங்கிக்கொண்டிருந்த பிராணியைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். மயக்க ஊசி கூடிப்போய்விட்டதோ என்று கவலையோடு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஊசியக்கா அவசரமாக 'குரல்' என்று சேர்த்து எழுதினாள்.

குழாய்க்காரம்மா வீடியோவை நிறுத்தினாள். கைகுலுக்கவில்லை, அருமை என்று சொல்லவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நேராகக் கேட்டாள்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. அதுக்கு வலிக்குதா, இல்லையா?"

காம்பின் நீளம் ஊசியக்காவுக்குத் தெரியும். எதில் ஒட்டிக்கொள்ளும், எதைத் தின்னும் என்பதெல்லாம் தெரியும். இது தெரியாது. இருபது வருஷமாக எத்தனையோ பேரிடம் வலிக்கும் என்று சொல்லியிருக்கிறாள்; தன் கண்ணாடித் துண்டின்மேல் நெளிந்த ஒன்றைப் பற்றி அவள் அப்படி ஒருநாள்கூட யோசித்ததில்லை. வெட்கம் வரவேண்டிய இடம். ஆனால் மரத்துப்போன வாய்க்குள்ளிருந்து சந்தோஷம்தான் பொங்கியது. பேனாவை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினாள். 'தெரியாது.'

"தெரியாதா?" குழாய்க்காரம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நாப்பத்தொன்பது வீடியோ போட்டுட்டு இப்படிச் சொன்னா எப்படிம்மா? அந்தப் பதினாலாவதுலயும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. இருபத்தியாறுல ரெண்டு."

ஊசியக்கா பேனாவோடு தயாராக இருந்தாள். அந்த நேரம் பார்த்து டாக்டர் கையுறையை இழுத்துவிட்டபடி உள்ளே வந்தார். நோயாளி கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"அட, இன்னும் தூங்கலையா? என்னக்கா, வீடியோவை நிறுத்திட்டீங்க? போடுங்க, போடுங்க."

"கொஞ்சம் வெளிய இருங்க தம்பி" என்றாள் குழாய்க்காரம்மா, திரும்பிப் பார்க்காமலே. "நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்."

காகிதத் துண்டில் இடம் தீர்ந்திருந்தது. அவள் அதை அவிழ்த்து நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்றை எடுத்து ஊசியக்காவின் மார்பில் கட்டிவிட்டாள்.