நிழற்குடைக்கு நிதி உண்டு, நிற்பதற்கு இல்லை

நெடுஞ்சாலைக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கி டெல்லியில் ஒரு சட்டம் போட்டார்கள். அதன் பயனாகக் கடலூர்–சிதம்பரம் நான்கு வழிச்சாலையில், இளமதியின் ஊர் விலக்கில், பளபளவென்று ஒரு பயணியர் நிழற்குடை முளைத்தது. எஃகு இருக்கை, செல்போன் சார்ஜ் போட இடம், சட்டத்தின் முழுப்பெயரோடு ஒரு பலகை. பெயர் ரொம்ப நீளம் என்பதால் கடைசி எழுத்துகள் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பஸ்தான் நிற்கவில்லை. டிரைவர் பிரேக்கில் கால் வைப்பதற்குச் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை போலும்.

இளமதிக்குச் சிதம்பரத்தில் மாலை ஆறு மணிக்குத் தட்டச்சு வகுப்பு. மூன்று முறை தாமதமானால் தேர்வுக்குப் பெயர் அனுப்ப மாட்டார்கள். இரண்டு முறை ஆகிவிட்டது. எந்த பஸ் எத்தனை மணிக்கு நிற்காமல் போனது என்று பத்து நாள் நோட்டில் குறித்தாள். தான் கையைச் சரியாக நீட்டவில்லையோ என்றுகூட ஒரு நாள் சந்தேகப்பட்டாள்.

டிரைவருக்கும் கண்டக்டருக்கும் எந்தக் கடையில் டீ இலவசமோ, அங்கே பஸ் நிற்கும். இது டெல்லிக்குத் தெரியாது. இந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குள் தள்ளுவண்டியில் டீ போடும் நூர்முகம்மதுவிடம் இளமதி போனாள்.

"பாய், வண்டிய நிழற்குடைகிட்ட போடுங்க. டிரைவர் கண்டக்டருக்கு ஓசி டீ, ஓசி போண்டா."

"ஓசிக்கு எவன் குடுப்பான், ஒங்க சட்டமா?"

"பஸ்ஸுல அம்பது பேரு இருக்காங்க பாய். அவுங்க காசு குடுத்துத்தான திம்பாங்க?"

மறுநாளே வண்டி வந்துவிட்டது.

ஐந்து இருபதுக்குத் தனியார் பஸ் ஒன்று வந்தது. போண்டாவைப் பார்த்ததும் டிரைவர் ஆரோக்கியராஜ் பிரேக் போட்டார். இளமதி வெற்றியோடு ஏறி உட்கார்ந்தாள். உள்ளே இருந்த அத்தனை பேரும் இறங்கினார்கள்.

ஐந்து முப்பத்தைந்துக்கும் யாரும் ஏறவில்லை. இளமதி இறங்கி டிரைவரிடம் போனாள்.

"அண்ணே, ஆறு மணிக்குக் கிளாஸு. கெளம்புங்கண்ணே."

"நேத்து வரைக்கும் நிக்கலன்னு திட்டுன. இன்னிக்கு நின்னா கெளம்பலன்னு திட்டுற. ஒனக்கு எப்படித்தாம்மா பஸ்ஸு ஓட்டுறது?"

"அவசரப்படாதம்மா," என்றார் நூர்முகம்மது. "ரெண்டாவது ஈடு எண்ணெயில கெடக்கு."

தப்பாகிவிடுமோ என்று இரண்டு முறை யோசித்தாள். மூன்றாவது முறை யோசிக்க நேரமில்லை. ஆரோக்கியராஜின் போண்டாத் தட்டையும் டீ கிளாஸையும் தூக்கிக்கொண்டு மறுபடி பஸ்ஸில் ஏறினாள்.

"அண்ணே, ஒங்க போண்டா கெளம்பிருச்சு!"

ஆரோக்கியராஜ் ஓடிவந்தார். கண்டக்டர் மென்றுகொண்டே விசில் ஊத முயன்றார். ஜனங்கள் வாயில் போண்டாவோடு தொற்றினார்கள். "என் கிளாஸு! என் கிளாஸு!" என்று நூர்முகம்மது கொஞ்ச தூரம் துரத்தினார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான் இளமதி தட்டைக் கொடுத்தாள். மணி ஐந்து ஐம்பத்தாறு. போண்டா ஆறிப்போயிருந்தது.

"நாளைக்கு நிக்க மாட்டேன், பாரு," என்றார் ஆரோக்கியராஜ், சட்னியைத் தொட்டுக்கொண்டே.