நாற்பத்தைந்து நாள் வேலி

எதையும் வரிசையாக எழுதினால்தான் எனக்குப் புரியும். வியாழக்கிழமை நடந்ததை எழுதாமலே விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

காலை ஒன்பது இருபதுக்கு இரண்டாவது லைன் நின்றது. எங்கள் தொழிற்சாலையில் தண்ணீர் பம்பு செய்கிறோம். ஒவ்வொரு பம்புக்கும் இரண்டு ரப்பர் வளையம் வேண்டும், இல்லாவிட்டால் ஒழுகும். அந்த வளையம் தீர்ந்துவிட்டது. அடுத்த புதன்கிழமைக்குள் அறுநூறு பம்பு போயாக வேண்டும். பொருத்தும் பெண்கள் பதினோரு பேரும் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

உற்பத்தி மேலாளர் நேராக ஸ்டோருக்குப் போனார். நான் திட்டப் பிரிவில் உதவியாளர் என்பதால் நோட்டும் கையுமாகப் பின்னால் ஓடினேன்.

"என்னம்மா, கண்ணை மூடிக்கிட்டு எண்ணுனீங்களா? சிஸ்டத்துல சரக்கு இருக்குன்னு காட்டுனா அது எப்படி வாங்கச் சொல்லும்?"

ஸ்டோர் அக்கா அசரவில்லை. "சிஸ்டத்துலயும் பூஜ்யம், அலமாரியிலயும் பூஜ்யம். நீங்களே வந்து பாருங்க சார். வாங்கச் சொல்லி லிஸ்ட்டே வரல. நான் என்ன பண்ணட்டும், வீட்டுக் குழாயில இருந்து கழட்டிட்டு வரட்டுமா?"

"தப்பு உங்க பக்கம்னு தெரிஞ்சா மெமோதான். புது ஸ்டோரை அப்புறம் மறந்துடுங்க."

அடுத்த மாதம் புதுக் கட்டடத்து ஸ்டோருக்கு அக்காவைப் பொறுப்பாளராகப் போடுவதாக முடிவாகியிருந்தது. பதினான்கு வருஷமாக இந்தக் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் அவர்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "நீதான் சாயங்கால வகுப்புல இந்த சிஸ்டத்தையே படிக்கிறியே. லிஸ்ட் ஏன் வரலன்னு கண்டுபிடி."

"கண்டுபிடிச்சிடுவா சார். நோட்டுக்காரின்னா சும்மாவா?" என்றார் அக்கா. நான் எதையும் எழுதி வைப்பதால் அவர் எனக்கு வைத்த பெயர் அது.

என் மேசைக்கு வந்து வகுப்பில் சொல்லித்தந்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கையிருப்பு சரி. அறுநூறு பம்புக்கான ஆர்டர் சரியாக ஏறியிருக்கிறது. பம்பின் பாகப் பட்டியலில் வளையம் இரண்டு என்றே இருக்கிறது. ஆர்டர் போட்டபின் சப்ளையர் வளையத்தை அனுப்ப எடுத்துக்கொள்ளும் நாள் பத்து, அதுவும் சரி. இவை நான்கும் சரியாக இருந்தால் சிஸ்டம் தானாகவே கணக்குப் போட்டு, இன்ன தேதிக்குள் இத்தனை வளையம் வாங்கு என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்தாவதாக, வளையத்துக்கான அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். அதில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. வேலி என்போம். இன்றிலிருந்து இத்தனை நாளுக்குள் புதிதாக எதையும் வாங்கச் சொல்லாதே என்று சிஸ்டத்தைக் கட்டிப்போடுவது அது. வளையத்துக்கு அது பூஜ்யமாக இருக்க வேண்டும். நாற்பத்தைந்து என்று இருந்தது.

அந்த நாற்பத்தைந்தை எனக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வகுப்பில் தந்த வீட்டுப்பாடம்: "ஏதாவது ஒரு பொருளுக்கு நாற்பத்தைந்து நாள் வேலி போட்டு, என்ன ஆகிறது என்று எழுதுக." பயிற்சிக்கென்று எங்கள் சிஸ்டத்தின் நகல் ஒன்று இருக்கிறது. அதில்தான் செய்ய வேண்டும். அன்று என் கணினி பழுது. சாப்பாட்டு நேரத்தில் அக்கா தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்து, "உட்காரு, நான் சாப்பிட்டுட்டு வரேன். டப்பாவுல உனக்கும் ஒரு கை வச்சிருக்கேன்" என்றார்.

என் கணினித் திரையில் முதல் ஐகான் பயிற்சி சிஸ்டம். அக்காவின் கணினியில் முதல் ஐகான் நிஜ சிஸ்டம். நான் பழக்கத்தில் முதல் ஐகானை அமுக்கினேன். பயிற்சி சிஸ்டத்தின் மேல் ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை தெரியும், நிஜத்தில் நீலம். அக்கா லாரி டிரைவர்களின் போன் நம்பர்களை எழுதி அந்த ஓரத்தை மறைத்து ஒட்டியிருந்தார். இதை ஒரு சாக்காகச் சொல்லலாம். ஆனால் வழக்கமாகக் கேட்கும் கடவுச்சொல்லைக் கேட்காமலே உள்ளே போனதையும் கவனித்தேன். பரவாயில்லையே, வசதியாக இருக்கிறதே என்று நினைத்தேன். பயிற்சி நகலை மாதம் ஒரு முறை புதுப்பித்துவிடுவார்கள் என்பதால் எண்ணைப் பழையபடி மாற்றவும் இல்லை. "வேலி போட்டதும் வாங்கும் பட்டியலிலிருந்து வளையம் மறைந்துவிட்டது" என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். பத்துக்குப் பத்து.

மாற்றங்களின் பதிவைத் திறந்தேன். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி, மதியம் ஒன்று பன்னிரண்டு, பூஜ்யம் நாற்பத்தைந்தானது. மாற்றியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர்.

மேலாளர் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. "அட, பிடிச்சிட்டியே! அவங்கதானா? கெட்டிக்காரி. வகுப்புக்குப் போனது வீண் போகல."

"தேங்க்ஸ் சார்" என்றேன்.

அப்போது மணி பதினொன்றே முக்கால். அதற்கப்புறம் எத்தனையோ எழுதிவிட்டேன், ஆனால் இந்த இரண்டு வார்த்தையைத் திரும்பப் படிக்க முடியவில்லை.

அவர் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போனார். நான் கட்டத்தைப் பூஜ்யமாக்கித் திட்டத்தை மறுபடி ஓட்டினேன். ஆயிரத்து இருநூறு வளையம் அவசரம் என்று பட்டியல் உடனே வந்தது. கொள்முதல்காரர் போன் போட்டார். சனிக்கிழமை வந்துவிடும் என்றார்கள். பம்பு தப்பித்தது. எல்லாம் சரியானபின் சொல்லிக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, மேலாளர் சாப்பிட்டு வரட்டும் என்று நினைத்தேன். பிறகு நினைப்பதையே நிறுத்திவிட்டேன்.

இரண்டே முக்காலுக்கு அக்கா ஒரு வெள்ளைத் தாளோடு என் மேசைக்கு வந்தார்.

"விளக்கம் எழுதித் தரணுமாம். எனக்கு இதெல்லாம் கோர்வையா வராது. நான்தான் தெரியாம மாத்திட்டேன்னு நீயே எழுதிக் கொடேன். கையெழுத்து மட்டும் போட்டுடறேன்."

"நீங்கதான் மாத்துனீங்களா அக்கா?" எந்த வாயால் இதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"யாருக்குத் தெரியும்? என் பேர் இருக்கே. சரக்குக் கணக்கை சிஸ்டத்துல ஏத்தும்போது கை பட்டிருக்கும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பல்லாம் அடுப்பை அணைச்சேனான்னு பாதி வழியில இருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். மூளை தேய ஆரம்பிச்சிடுச்சு போல. புது ஸ்டோர் எனக்கெதுக்கு, அவங்க சொல்றதும் நியாயம்தான்."

தாளை வாங்கினேன். எழுத ஆரம்பித்தேன். அக்கா என் தோளுக்கு மேலாக, தாளில் விரல் வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக்கொண்டே வந்தார்.

"'ரப்பர் வளையத்துக்கு நாற்பத்தைந்து நாள் வேலி போட்டது நான். மதியம் ஒன்று பன்னிரண்டுக்கு, பயிற்சி சிஸ்டம் என்று நினைத்து, என் வீட்டுப்பாடத்துக்காக...'" அக்கா சிரித்தார். "எனக்கேதுடி வீட்டுப்பாடம்?"

நான் நிமிரவில்லை. சிரிப்பு நின்றது மட்டும் கேட்டது.

"அன்னிக்கு என் நாற்காலியில..."

"ஆமாக்கா."

"எப்பத் தெரிஞ்சது உனக்கு?"

"பதினொண்ணே முக்காலுக்கு."

"மணி வரைக்கும் சரியா வச்சிருக்க." தாளில் இருந்து கையை எடுத்துக்கொண்டார். "மூணு மணி நேரமா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சோன்னு உட்கார்ந்திருந்தேன்டி. மூணு மணி நேரம்."

போய்விட்டார். மீதியை எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டு மேலாளரிடம் கொண்டுபோனேன். இரண்டு முறை படித்தார்.

"காலையில நான் உன்னைப் பாராட்டுனப்ப என்ன சொன்ன?"

"தேங்க்ஸ் சொன்னேன் சார்."

மெமோ எனக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு நான் நிஜ சிஸ்டத்தில் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. கணினியைத் திறந்துபோட்டுவிட்டு எழுந்து போனதற்காக அக்காவுக்கு வாய்வழி எச்சரிக்கை. புது ஸ்டோர் அவருக்குத்தான். அதில் மாற்றமில்லை.

சனிக்கிழமை வளையம் வந்தது. எண்ணிக்கையைக் கேட்டுவர ஸ்டோருக்குப் போனேன். திரையின் மேல் ஓரத்தில் இருந்த போன் நம்பர்களைக் கிழித்து, பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். நீலப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. கவுண்டர் பக்கத்தில் நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் மேல், அப்போதுதான் பிரித்த வளையப் பெட்டி இருந்தது.

"வாங்க. என்ன வேணும், சொல்லுங்க" என்றார் அக்கா. ஒரு நாளும் என்னை அவர் இப்படி அழைத்ததில்லை.

பெட்டியைக் கீழே வைக்கட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் சொன்ன ஆயிரத்து இருநூறை நின்றபடியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.