அம்மன் திரும்பும் முக்கு

பாபநாசத்துக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் அம்மன் சப்பரத்துக்கு முன்னால் முப்பத்திரண்டு வருஷம் நடந்தவர் மருதையன். லைன்மேன். வைகாசித் திருவிழா அன்று லைனை நிறுத்திவிட்டு, நுனியில் கவை வைத்த மூங்கில் கம்பால் குறுக்கே தொங்கும் ஒயர்களைத் தூக்கிப் பிடிப்பார். கிரீடம் தட்டாமல் அம்மன் அடியில் நகர்ந்து போவாள். மேலத்தெரு, கீழத்தெரு, கடைத்தெரு எல்லாம் முடிந்து, மருதையன் குடியிருக்கும் காலனித் தெரு பிரிகிற முக்கு வந்ததும் சப்பரம் கோயில் பக்கம் திரும்பிவிடும். அவர் கம்பை இறக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்.

ஏன் என்று கேட்டால் ஜாதி என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வராது. அந்த விஷயத்தில் ஊர் பெரிய நாகரிகம். முதலில் தெரு சேறு என்றார்கள். சிமெண்ட் ரோடு வந்தது. வாய்க்கால் பாலம் தாங்காது என்றார்கள், புதுப்பாலம் வந்தது. ஒயர் தாழ்வு என்றார்கள். மருதையன் ஓய்வு பெற்ற பிறகும் இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, பங்குனியில் தெரு ஒயரையெல்லாம் பூமிக்கடியில் போட வைத்தார். சப்பரம் ஒன்பதடி அகலம், தெரு பதினாலடி. டேப் பிடித்து அளந்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்த் திருவிழாக் கமிட்டித் தலைவர் பிரபுவின் முன்னால் வைத்தார்.

பிரபுவின் அப்பா நடராசன் தலைவராக இருந்தபோது மருதையனை 'வாடா' என்பார். நிற்க வைத்தே பேசி அனுப்புவார். பிரபு பத்து வருஷம் டல்லாஸில் இருந்துவிட்டு வந்தவர். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கண்ணே. இனிமே காரணம் சொல்ல என்ன இருக்கு? இந்த வருஷம் உங்க தெருவுக்குப் பெரிய ஏற்பாடே பண்ணியிருக்கோம், பாருங்க."

அந்த 'அண்ணே'யில் மருதையன் உருகிப்போனார். வயசான மனுஷன், இன்னும் கொஞ்சம் குடைந்து கேட்டிருக்கலாம்.

மனைவி கண்ணாத்தாள் அன்றைக்கே கும்பகோணம் போய் அம்மனுக்குச் சாத்த அரக்குப் பட்டு எடுத்து வந்தாள். தன் வாசலில் நின்று அம்மனுக்குத் தட்டு கொடுக்க வேண்டும் என்பது அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இருக்கிற ஆசை.

திருவிழா அன்று மூன்று மணிக்குத் தெருவுக்குள் ஒரு வேன் வந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு எல்.இ.டி. திரையை இறக்கி, கண்ணாத்தாள் போட்ட கோலத்தின் மேலேயே நிறுத்தினார்கள். பின்னாலேயே பிரபுவும் வந்தார்.

"இது எதுக்குத் தம்பி?"

"லைவ்ண்ணே. ட்ரோன் விட்டு எடுக்கறோம். அலங்காரம், தீபாராதனை எல்லாம் உங்க தெருவுலதான் அவ்ளோ கிட்ட தெரியும்."

"அப்ப சப்பரம்?"

"நேரம் இருந்தா கட்டாயம் வரும்ண்ணே. நீங்க கம்பை எடுத்துக்கிட்டு வாங்க. மேலத்தெருவுல ஒயரெல்லாம் இன்னும் தொங்கிட்டுதான் கிடக்கு."

மருதையன் கம்பை எடுக்காமல் நின்றார். கண்ணாத்தாள்தான் தேற்றினாள். "கட்டாயம்னு சொல்லிட்டாருல்ல? நீங்க முன்னால நின்னு கூட்டிக்கிட்டு வாங்க. நான் தட்டோட நிக்கிறேன்."

ஆறரைக்குச் சப்பரம் முக்குக்கு வந்தது. மற்ற வருஷங்களில் காலனித் தெருவே அங்கே திரண்டு நிற்கும். 'தாயே, எங்க தெருவுக்கும் வா' என்று கதறும், மறிக்கும், ஒருமுறை போலீஸ்கூட வந்தது. இன்று முக்கில் ஒரு ஈ காக்காய் இல்லை.

மருதையன் கம்பை உயர்த்தியபடி தன் தெருவுக்குள் நடந்தார். தூக்குவதற்கு ஒயர் இல்லை. இருந்தாலும் உயர்த்திப் பிடித்தார். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தபோது, சப்பரத்தை இழுத்து வந்த டிராக்டர் கோயில் பக்கம் ஒடித்துக்கொண்டிருந்தது.

"நேரமாயிடுச்சுண்ணே!" என்று பிரபு டிராக்டர் மேலிருந்து கத்தினார். "அதான் ஸ்க்ரீன்ல ஓடுதே!"

மருதையன் தெருவுக்குள் ஓடினார். "எல்லாரும் வாங்க! இப்ப மறிச்சா நின்னுடும், ஓடி வாங்க!"

யாரும் திரும்பவில்லை. அத்தனை பேரும் முக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையைப் பார்த்து நின்றார்கள். ஒலிபெருக்கியின் மேளத்தில் அவர் குரல் எடுபடவில்லை. திரையில் எல்லாமே ஒரு நிமிஷம் பிந்தித்தான் வந்தது. அதில் சப்பரம் இன்னும் கடைத்தெருவில் இருந்தது.

"மறைக்காதீங்க," என்றாள் கண்ணாத்தாள். "முக்குக்கு வந்துட்டா பாருங்க!"

திரையில் மருதையன் கம்போடு தெருவுக்குள் திரும்பினார். பெண்கள் குலவையிட்டார்கள். கண்ணாத்தாள் பட்டு வைத்த தட்டை உயர்த்தினாள். அடுத்து என்ன நடக்கும் என்று அங்கே அவருக்கு மட்டும்தான் தெரியும்.

டிராக்டர் ஒடித்தது. குலவை நின்றது. உடனே அம்மன் முகம் திரை முழுக்க வந்தது. மூக்குத்திக் கல்கூட மின்னியது. "எவ்ளோ தெளிவு!" என்றது ஒரு குரல். ஒவ்வொருவராகக் கை குவித்தார்கள். அடுத்த வருஷம் சப்பரம் கேட்க இந்தத் தெருவில் ஆள் இருக்காது என்று மருதையனுக்கு உறைத்தது.

கண்ணாத்தாள் பட்டைத் திரையின் காலடியில் வைத்துவிட்டுக் கற்பூரம் கொளுத்தினாள்.

"கிடக்கட்டும் விடுங்க. இவ்ளோ கிட்ட எந்த வருஷம் பாத்தோம்? கும்பிட்டுக்கங்க."

மருதையன் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார்.