பிராம்லோவில் பிறக்க வேண்டிய பிள்ளை

பிராம்லோ தேவாலயத்துப் பதிவேட்டில் யாராவது தன் முன்னோரின் பெயரைக் கண்டுபிடித்து அதன்மேல் விரல் வைத்தால், அந்த முன்னோர் அன்று மாலைத் தேநீருக்குள் வீடு வந்து சேர்ந்துவிடுவார். கணினியில் தேடிப் பிடித்தால் வரமாட்டார். அதனால்தான் ஆவணக் காப்பகத்திலிருந்து எத்தனை முறை ஆள் வந்து கேட்டும், ஊர்க்காரர்கள் அந்தத் தோல் அட்டைப் புத்தகங்களைக் கொடுக்காமல், பாடகர் அங்கிகள் தொங்கும் அறையில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். முதலில் எல்லோரும் பிரபுக்களைத் தேடித்தான் போனார்கள். தன் வம்சம் ஒரு சீமாட்டியில் போய் முடியும் என்று சத்தியம் செய்த பல் மருத்துவர் வீட்டில் வந்து இறங்கியவர் எலி பிடிக்கிறவர், கூடவே இரண்டு நாய்கள். பன்றி திருடியவர்கள் வந்தார்கள், ஒரே கம்பளிச் சட்டையோடு எழுபது வருடம் வாழ்ந்தவர்கள் வந்தார்கள். பிராம்லோவில் இதற்கெல்லாம் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. இன்றைக்கு மழை வரும்போலிருக்கிறதே என்று சொல்லி, பால் எவ்வளவு ஊற்ற என்று கேட்டு, கோப்பையை நீட்டிவிடுவார்கள். ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து வைப்பார்கள்.

மோரீன் டாட்ஸ்வெல்லுக்கு மட்டும் யாரும் வரவில்லை. லெஸ்டர் நகரத்துத் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, புருஷனோடு இங்கே வந்து பாலத்தோரத்து வீட்டை வாங்கியவள். அவளுடைய அப்பா வழி கோல் குடும்பம். பூர்வீகம் பிராம்லோதான் என்று அந்தக் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பித்தான் வந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்தபிறகும் அவள் போகவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகத் தேவாலயத்துக்குப் பூ வைத்தாள், பித்தளை துலக்கினாள், மற்றவர்கள் மறந்துவிட்டுப் போன குடைகளை வீடு வீடாகக் கொண்டு கொடுத்தாள். எல்லோரும் வாசலிலேயே நிறுத்தி நன்றி சொல்வார்கள். கோடைத் திருவிழாவில் ஜாம் போட்டிக்கு நடுவராக இருக்க ஒரு தடவையாவது கூப்பிடமாட்டார்களா என்று அவளுக்கு ஓர் ஆசை. கேட்டும் பார்த்தாள். ஊர்க் குழுத் தலைவர் நைஜல் பென்னிஃபோல்ட் மிக இனிமையாகச் சிரித்தார். "அடடா, உங்களுக்கு இல்லாததா மோரீன்? ஆனா நடுவர்னா இந்த ஊர்ல பொறந்த வம்சமா இருக்கணுமே. நீங்க இப்பத்தானே வந்தீங்க." அன்றைக்கு வீட்டுக்குப் போய் மோரீன் அழுதாள். அழுததை யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல ஆளும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அவள் அந்த அங்கி அறையில் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஞானஸ்நானப் பதிவுகளைப் புரட்டினாள், திருமணப் பதிவுகளைப் புரட்டினாள், அடக்கப் பதிவுகளையும் விடவில்லை. கோல் என்று ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை. கடைசியில், வேறு எதுவும் மிச்சமில்லாமல், ஊர் ஏழைகளுக்குச் செலவழித்த கணக்கைப் பிரித்தபோது ஒரு வரி கிடைத்தது. தாம்சின் கோல் என்ற நிறைமாதக் கர்ப்பிணியைப் பாலம் தாண்டி கிட்ஸ்லியில் இறக்கிவிட்டதற்கு வண்டிக் கூலி. அந்தக் காலச் சட்டப்படி, தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை எந்த ஊரில் பிறக்கிறதோ அந்த ஊர்தான் அதன் வயிற்றுப்பாட்டைப் பார்க்க வேண்டும். அதனால் வலி எடுக்கும் முன்பே தாயை வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஊர்த் தலையில் கட்டிவிடுவது எல்லா ஊரிலும் வழக்கம். கீழே கையெழுத்து, ஒபதையா பென்னிஃபோல்ட். மோரீன் அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

மாலையில் கதவு தட்டப்பட்டது. இருபது வயதுகூட நிரம்பாத பெண் ஒருத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டியில் ஏறியபோது எடுத்த வலி இருநூறு வருடத்துக்கு மேல் நின்றிருந்து, வாசற்படியில் கால் வைத்ததும் மறுபடி ஆரம்பித்ததாகச் சொன்னாள். அவளைப் பாட்டி என்று கூப்பிடுவதா பாப்பா என்று கூப்பிடுவதா என்று மோரீனுக்குப் புரியவில்லை. கண்ணு என்று கூப்பிட்டுப் போர்வையைப் போர்த்திவிட்டாள்.

மறுநாள் ஊர் எல்லை சுற்றும் நாள். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் வில்லோ குச்சிகளோடு ஊர்வலம் போய் எல்லைக் கற்களை அடித்துவிட்டு வருவார்கள். ஐந்து தேவாலயங்களை ஒற்றை ஆளாக மேய்க்கும் பெண் பாதிரியார் காரிலிருந்து இறங்கி ஒரு ஜெபம் சொல்லிவிட்டு ஓடுவார். ஒபதையா பென்னிஃபோல்ட், நைஜல் பதிவேட்டில் விரல் வைத்ததில் வந்து, அவர் வீட்டில் நல்ல நாற்காலியில் ஏற்கெனவே இரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவர். அன்று ஊர்வலத்தின் முன்னால் முக்கோணத் தொப்பியோடு நடந்து வந்தவர், மோரீன் வீட்டு ஜன்னலில் தாம்சினின் வயிற்றைப் பார்த்தார். நைஜலின் தோட்டத்துத் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, அவளை அள்ளி உட்காரவைத்து, பாலத்தை நோக்கித் தள்ள ஆரம்பித்தார். ஊர் முழுவதும் குச்சிகளோடு பின்னால் போனது. இது சரியில்லை என்று பலருக்கும் பட்டது. ஆனால் அடுத்தவர் முன்னோர் விஷயத்தில் தலையிடுவது மரியாதை இல்லை என்பதால் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அக்கரையில் கிட்ஸ்லிக்காரர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மோரீன் ஓடிப் போய் வண்டியை மறிக்கும் முன், நைஜல் அவள் முழங்கையைத் தொட்டுத் தனியே அழைத்தார். "பெரியவர் பழைய காலத்து மனுஷன், கண்டுக்காதீங்க. இதோ பாருங்க, இந்த வருஷம் ஜாம் நடுவர்ல ஒரு இடம் காலியா இருக்கு. நம்ம குழுவே உங்களக் கூப்பிடலாம்னு யோசிக்குது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நாலு எட்டுதான். ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம்தானே இருக்கு, அந்தப் பொண்ணுக்கும் நல்லது." ஒரு நிமிஷம் மோரீன் அந்த நடுவர் மேசையையும் வெள்ளை விரிப்பையும் சின்னக் கரண்டியையும் பார்த்துவிட்டாள் என்பதை மறைக்க முடியாது. பிறகு பாலத்தின் நடுவில் போய் வண்டியின் மூக்கைப் பிடித்தாள்.

"கண்ணு, நீ சொல்லு. எங்க பெத்துக்கணும் ஒனக்கு?"

"எங்கயானா என்னம்மா, மொதல்ல இந்தக் கெழவன வண்டிய ஆட்டாம இருக்கச் சொல்லுங்க," என்றாள் தாம்சின். பல்லைக் கடித்து மூச்சு விட்டபிறகு சொன்னாள்: "இங்கதான். போன தடவ யாரும் என்னக் கேக்கல."

மோரீன் தள்ளினாள், ஒபதையா தள்ளினார். வண்டி எல்லைக் கோட்டின்மேல் முன்னும் பின்னும் ஆடியது. அப்போதுதான் மோரீன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொது இடத்தில் குரலை உயர்த்தினாள். "நைஜல், ஒங்க தாத்தாவோட கைய எடுக்கச் சொல்றீங்களா, இல்ல நான் எடுக்கட்டுமா?" ஊரே வெட்கப்பட்டுப்போய்க் காலணிகளைப் பார்த்தது. ஒபதையாவும் கையை எடுத்துவிட்டார். அவர் காலத்தில் எந்தப் பெண்ணும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. வண்டி பாலத்திலிருந்து பிராம்லோ பக்கமாக இறங்கி, மோரீனின் அடுப்படி வரைக்கும் போய்த்தான் நின்றது. தண்ணீர் கொதிக்கும் முன் பிள்ளை பிறந்துவிட்டது. ஆண். ஜெத்ரோ என்று பெயர் வைத்தார்கள். சட்டம் சட்டம்தான் என்று ஒபதையா அன்றே பிள்ளையைக் கணக்கில் எழுதிக்கொண்டார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு ரொட்டி கொண்டுவந்து போடுகிறார்.

ஊர்ப் பிள்ளையின் தாய் என்ற முறையில் ஜூலையில் தாம்சினை ஜாம் நடுவராக்கினார்கள். நைஜல் மனைவியின் நெல்லிக்காய் ஜாமை வாயில் வைத்துவிட்டு அவள் கைக்குட்டையில் துப்பியது வேறு கதை. மோரீன் மறுபடி கொடுத்த மனுவையும் குழு எடுத்துப் பேசியது. நைஜல் தானே வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடி முடிவைச் சொன்னார். "ஜெத்ரோ இந்த ஊர்ப் பையன், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவனுக்கு இன்னும் பல்லே மொளைக்கல பாருங்க. அவன் வளந்து, கல்யாணம் பண்ணி, அவன் வழியா எத்தனையோ தலைமுறை தாண்டி நீங்க வரணும். வந்ததும் மொத ஆளா ஒங்களத்தான் கூப்பிடுவோம்."

சரி என்றாள் மோரீன். நியாயமாகத்தான் பட்டது. கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்கு வந்தாள். புருஷன் போனபிறகு அவள் மட்டும் இருந்த வீடு இப்போது ஒரே சத்தமாக இருந்தது. தாம்சின் மேலே மாடியில் எதையோ உடைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் வெந்நீர் விளாவி, அதில் ஜெத்ரோவை உட்காரவைத்து, மோரீன் அவன் முதுகுக்குச் சோப்புப் போட்டாள். அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

"சீக்கிரம் வளருங்க தாத்தா," என்றாள். "நான் பொறக்கணும்."